அய்ஜா என்றொரு பாறை

இப்போதெல்லாம் கல்யாண வீடுகளில் என் அத்தை ஜுவைனா கடைசி வரிசையில், செருப்புகள் கிடக்கும் வாசலுக்குப் பக்கத்தில் உட்காருவாள். மருதாணிக் கிண்ணம் வரும்போது உள்ளங்கைகளை மடியில் கவிழ்த்துக்கொள்வாள். சாம்பிராணித் தட்டு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒரு காலத்தில் எங்கள் தெருவில் அவள் கை படாமல் எந்த மணப்பெண்ணுக்கும் மருதாணி வைத்ததில்லை.

அவள் கணவர் உஸ்தாத் ஹிக்மத் வெளிநாட்டுக்காரர். ஆனால் எந்த ஊர் என்று கேட்டால், அவரும் எங்களைப் போல "ஸூர்" என்றுதான் சொல்வார். ஓமானில் நாங்கள் பிறந்த ஊரும் ஸூர், லெபனானில் அவர் பிறந்த ஊரும் ஸூர். எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடங்கள் திறந்த புதிதில், பல நாடுகளிலிருந்து உஸ்தாதுகளை, அதாவது வாத்தியார்களை, வரவழைத்தார்கள். எந்த ஊரில் வேலை வேண்டும் என்று தலைநகரில் கேட்டபோது, அவர் விளையாட்டாக "என்னை ஸூருக்கே அனுப்பிடுங்க, வீட்டுல கவலைப்பட மாட்டாங்க" என்றாராம். அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் ஊரைக் கழிமுகம் ஒன்று இரண்டாகப் பிரிக்கிறது. பள்ளிக்கூடம் ஒரு கரை. அய்ஜா என்கிற எங்கள் பகுதி மறு கரை. அப்போது பாலம் கிடையாது, துடுப்புப் படகில்தான் கடக்க வேண்டும். உஸ்தாத் அய்ஜாவில் என் தாத்தா வீட்டு மாடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தார். தாத்தா நாகூதா, அதாவது பாய்க்கப்பல் தலைவர். கடலை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு, வம்பு பேச ஆள் கிடைக்காமல் இருந்தார்.

"உங்க ஸூர் எங்களுக்குப் பொறந்த பிள்ளைப்பா. எங்க ஆளுங்க எவனோ பாய் விரிச்சுப் போயி அங்க எறங்கி, வீட்டு ஞாபகத்துல அந்தப் பேரை வச்சிருப்பான்" என்றார் தாத்தா.

"இல்ல நாகூதா. எங்க ஆளுங்கதான் இங்க வந்தது. திரும்பிப் போக வழி தெரியாம இங்கயே நின்னுட்டாங்க."

"அப்ப நீ?"

"நான் வழி தெரிஞ்சே நிக்கிறேன்."

கதவுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்த வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள் என்று உஸ்தாதுக்கு அன்றுதான் தெரியும்.

இரண்டு வருடம் கழித்து அவர் பெண் கேட்டபோது உறவினர்கள் எல்லோரும் எதிர்த்தார்கள். "வெளியூர்க்காரனுக்கா குடுக்கப் போறே? ஒரு நாள் பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போயிடுவான்" என்றார்கள். தாத்தா, "ஸூர்க்காரனுக்குத்தானே குடுக்கிறேன், உங்களுக்கு என்ன குறை?" என்று சொல்லி அவர்கள் வாயை அடைத்தார்.

தினமும் மதியம் பள்ளி முடிந்ததும் உஸ்தாத் எதிர்க்கரையில் நின்று, படகுக்காரரைப் பார்த்து "அய்ஜா...!" என்று நீட்டிக் கூப்பிடுவார். படகுக்காரர் பத்தடி தூரத்தில் அவரையேதான் பார்த்துக்கொண்டிருப்பார். "காது கேக்குதுய்யா, செவிடா நான்?" என்று திட்டுவார். அந்தக் கூப்பாடு படகுக்காரருக்கானது அல்ல என்று இரண்டு கரையிலும் எல்லோருக்கும் தெரியும். அது கேட்டதும் அத்தை அடுப்பில் காபியை ஏற்றுவாள். அவர் படகிலிருந்து இறங்கி வருவதற்கும் காபி பொங்குவதற்கும் சரியாக இருக்கும்.

1982ஆம் வருடக் கோடை விடுமுறையில் அத்தையை முதல்முறையாகத் தன் ஸூருக்கு அழைத்துப் போவதாக இருந்தார். அவள் துணியெல்லாம் எடுத்து வைத்துவிட்டாள். நான் அப்போது என் அம்மாவின் வயிற்றில் இருந்தேன். என் அண்ணனுக்குப் பிறகு, எனக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. அம்மா பயந்துபோய் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தை நின்றுவிட்டாள்.

"அடுத்த வருஷம் போலாம். ஊர் எங்கயும் ஓடிடாது. பேரு ஒண்ணுதானே, நீ இங்க இருந்தாலும் அங்க இருக்குற மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு உஸ்தாத் போனார்.

அவர் போய்ச் சேர்ந்த சில நாட்களில் அந்த ஊருக்குள் போர் வந்தது. எங்கள் வீட்டு வானொலி மணிக்கு மணி எங்கள் ஊரின் பெயரைச் சொன்னது. ஸூர் மீது குண்டு. ஸூர் முற்றுகையில். ஸூரில் பிணங்கள். வெளியே எங்கள் கடல் சத்தமில்லாமல் கிடந்தது, படகுகள் மீனோடு வந்தன. என் அண்ணன் ஸுஹைல் அப்போது சின்னப் பையன். வெளியே ஓடிப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து, "ஒண்ணும் இல்லையே அத்தை, நீ ஏன் அழுறே?" என்று கேட்டானாம்.

கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. அவருடைய தெருவே தரைமட்டம் என்றார் ஒருவர். ஆண்களையெல்லாம் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள் என்றார் இன்னொருவர். என் அப்பா மர்ஹூன், அத்தைக்குத் தம்பி, மீன் படகை விட்டுவிட்டுத் தலைநகருக்கு அலைந்தார். எந்த அலுவலகத்திலும் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு வந்த வருடங்களில் அத்தை யார் என்பது யாருக்கும் தெரியாமல் போயிற்று. மனைவி என்றால் அவள் மை தீட்டலாம், நகை போடலாம். விதவை என்றால் இத்தா இருக்க வேண்டும். மருதாணி, அத்தர் எதுவும் இல்லாமல் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருந்து, காலம் முடிந்ததும் விடியற்காலையில் பெண்கள் அழைத்துப்போய்க் கடலில் தலைமுழுக்காட்ட வேண்டும். இரண்டும் இல்லாமல் அவள் இருந்தாள். விசேஷ வீட்டில் சாம்பிராணித் தட்டு அவள் பக்கம் வரும்போது, கொடுப்பதா வேண்டாமா என்று பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

தாத்தா படுத்த படுக்கையானார். ஒரு நாள் அத்தையைக் கூப்பிட்டார்.

"நான் கண்ணை மூடுறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரியணும் ஜுவைனா. நீ யாரு?"

"உஸ்தாத் பொண்டாட்டி."

"உஸ்தாத் எங்க?"

காணாமல் போனவருக்காக மனைவி காத்திருக்க வேண்டிய காலம் முடிந்திருந்தது. அப்பா அவளை காஜியிடம் கூட்டிப்போனார். உஸ்தாத் ஹிக்மத் இறந்தவராகக் கருதப்படுவார் என்று காஜி தீர்ப்புச் சொன்னார். அத்தை உள்ளறையில் இத்தா இருந்தாள். முடிந்த அன்று பெண்கள் அவளை நடுவில் விட்டுக் கடலுக்கு நடத்திப்போனார்கள். இடுப்பளவு தண்ணீரில் நிற்கவைத்துத் தலையில் ஊற்றினார்கள். துக்கத் துணியைக் கடலில் விட்டார்கள். தாத்தா அந்த மாதமே இறந்தார்.

உடனே பெண் கேட்டு வந்தவர் நாகூதா முஸல்லம். மனைவியை இழந்தவர், நல்ல மனிதர். துணியும் அல்வாவும் அனுப்பிவைத்தார். ஊரே முடிவு செய்துவிட்டது, அத்தை மட்டும்தான் பாக்கி. சில மாதம் கழித்து அவள் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினாள்.

"ஏன் அக்கா? அவருக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்டார் அப்பா.

"ஒருத்தரை அடக்கம் பண்ணின கை இன்னும் காயலை, மர்ஹூன்."

ஆனால் அவளுக்கு ஒரு நிம்மதி வந்திருந்தது. இனி அவள் விதவை, யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். மெல்ல மெல்லப் பழைய சிரிப்பு திரும்பியது. கல்யாணங்களில் அவள்தான் மருதாணி வைப்பாள், அவள்தான் பாட்டை எடுத்துக் கொடுப்பாள். எனக்குத் தெரிந்த அத்தை இந்த அத்தைதான். உஸ்தாத் எனக்கு ஒரு கதையாக மட்டுமே இருந்தார்.

எனக்கு இருபத்தாறு வயதாக இருந்தபோது கஸ்ஸான் வந்தான். ஊருக்கு வெளியே இருக்கும் எரிவாயு ஆலைக்கு வேலைக்கு வந்த இளைஞன். மீன் சந்தையில் வஞ்சிரத்துக்கு அவன் பேரம் பேசிய விதத்தில் அப்பாவுக்கு அவனைப் பிடித்துப்போனது.

"எந்த ஊருப்பா நீ?"

"ஸூர்."

"இங்க நிக்கிற பூனைகூட ஸூர்தான். உண்மையைச் சொல்லு."

"உண்மைதான் மாமா. லெபனான் ஸூர்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவனைச் சாப்பிட அழைத்து வந்தார். ஆண்கள் முன்னறையில், நாங்கள் உள்ளே. நடுவில் கதவு திறந்திருந்தது. சோறும் வறுத்த வஞ்சிரமும் சுறாக் கருவாட்டுப் பிரட்டலும் நான்தான் வாசல் வரைக்கும் கொண்டுபோய் வைத்தேன். அத்தை எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தாள். அந்த ஊர்ப் பேச்சைக் கேட்கப் பிடித்திருந்தது அவளுக்கு. காது முழுவதும் அங்கேதான் இருந்தது.

"இன்னொரு அதிசயம் மாமா. இந்தப் பக்கத்துக்கு அய்ஜான்னு பேர் சொன்னீங்களே, எங்க ஊர்லயும் ஒரு அய்ஜா இருக்கு" என்றான் கஸ்ஸான்.

அப்பா சிரித்தார். "ஊர்ப் பேரு பத்தாதுன்னு தெருப் பேரையும் திருடியாச்சா?"

"ஊரு இல்ல, பாறை. கலங்கரை விளக்குக்கு எதிர்ல. அய்ஜா பக்கம் வலை போடாதே, கிழிஞ்சிடும்னு சொல்லுவாங்க. பழைய பேர் இல்ல. கால் ஊனமான ஒரு உஸ்தாத் இருந்தார், அவர் வச்சது. எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர்."

அப்பாவின் சிரிப்பு நின்றது. "அவர் பேரு?"

"உஸ்தாத் ஹிக்மத்."

எலுமிச்சை மூடி தட்டில் விழுந்தது. நான் பிடிப்பதற்குள் அத்தை எழுந்து முன்னறைக்குப் போய்விட்டாள். ஈரக் கையோடு அந்தப் பையனுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"உயிரோட இருக்காரா?"

அவள் கேட்ட வேகத்தில் அவன் திடுக்கிட்டான். "இல்ல பெரியம்மா. இறந்து ரொம்ப வருஷம் ஆச்சே."

"எப்போ?"

"நான் அப்ப பள்ளிக்கூடத்துல படிச்சுக்கிட்டிருந்தேன். சரியா ஞாபகம் இல்ல. எங்க அப்பாவுக்குத் தெரியும். ரெண்டு பேரும் கூட்டாளிங்க. இருங்க, கேக்குறேன்."

அவனிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. விருந்து வீட்டில் ஒரு கதை சொல்லக் கிடைத்த சந்தோஷத்தில், கைப்பேசியை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து விரிப்பின் நடுவில், சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். ஒரு கிழட்டுக் குரல் அதிர்ந்தது.

"என்னடா, ஒட்டகம் ஓட்டக் கத்துக்கிட்டியா? அங்க சோறு போடுறாங்களா, இல்ல வெறும் பேரீச்சம்பழமா?"

"எல்லாம் போடுறாங்கப்பா. உஸ்தாத் ஹிக்மத் இருந்தாரே..."

"அந்தக் கிறுக்கனா? அல்லாஹ் அவனுக்கு ரஹ்மத் செய்யட்டும். அவனுக்கு என்ன இப்போ?"

"அந்தப் பாறைக்கு ஏன் அந்தப் பேர் வச்சார்?"

"அவன் பொண்டாட்டி ஊருடா அது. நீ இப்ப இருக்கிற பக்கம்தான். ஜெயில்ல அஞ்சு வருஷம் கிடந்து, காலை ஒடிச்சுக்கிட்டு வந்தான் பாவம். வந்த அன்னைக்கே என் கடையிலேருந்துதான் அங்க பள்ளிக்கூடத்துக்கு டெலிபோன் போட்டான். கூட வேலை பார்த்த வாத்தியார் எடுத்தார். என்ன சொன்னார் தெரியுமா? உன் பொண்டாட்டி உனக்கு இத்தா இருந்து முடிச்சாச்சு, கடல்ல குளிச்சாச்சு, ஒரு கப்பல்காரர் கேட்டுக்கிட்டிருக்கார், நல்ல எடம்னு. இவன், நான் பேசினதை யாருக்கும் சொல்லாதீங்கன்னுட்டு வச்சுட்டான்."

கஸ்ஸான் அத்தையின் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. கைப்பேசியை எடுக்கக் கை நீட்டினான். அத்தை அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"பேசட்டும்" என்றாள்.

குரல் தானாகவே தொடர்ந்தது. "நான் அவனைத் திட்டினேன்டா. கழுதை, கிளம்பிப் போ, போய் வாசல்ல நில்லு, நீ உயிரோடதானே இருக்கேடான்னேன். 'அவ குளிச்சுட்டா, அபூ கஸ்ஸான். நான் போய் நின்னா, அவ ரெண்டு ஆம்பளைங்களுக்கு நடுவுல நிக்கணும். ஒரு தடவை என்னால பொண்டாட்டியா விதவையான்னு நடுவுல நின்னது போதும்'னான். அதோட சரி. ஆனா தினம் மதியம் அந்தப் பாறைக்கு நொண்டிக்கிட்டே போவான். போயி 'அய்ஜா...'ன்னு கத்துவான். எதுக்க வெறும் தண்ணி. நாங்க கரையில நின்னு சிரிப்போம். படகு வருதா உஸ்தாத்னு கேப்போம். 'காபி கொதிக்கிற நேரம்'பான். கிறுக்கன்னு சொன்னேன்ல?"

அத்தை விரிப்பில் குனிந்து கைப்பேசியிடம் கேட்டாள்.

"வேற கல்யாணம் பண்ணிக்கிட்டாரா?"

"அவனா? கேட்டா, எனக்குப் பொண்டாட்டி இருக்கா, இன்னொரு வீட்டுல இருக்கான்னு சிரிப்பான். யாரும்மா பேசுறது?"

"இந்தப் பக்கத்து ஸூர்க்காரி. அவர் எந்த மாசம் போனார்?"

"போருக்கு வந்த படைங்க எங்க தெற்கை விட்டுப் போன வருஷம், ரெண்டாயிரம். நோன்புப் பெருநாள் கழிஞ்ச வாரம், ஆரஞ்சு பழுக்கிற நேரம். அந்தக் கப்பல்காரர் நல்லபடியா வச்சிருந்தாராம்மா அவளை? உங்களுக்குத் தெரியுமா?"

அப்பாதான் கைப்பேசியை எடுத்து அணைத்தார். அணைக்கத் தெரியாமல் பொத்தான்களை எல்லாம் அழுத்தினார். கஸ்ஸான் அழுதுகொண்டிருந்தான். "அந்தப் புள்ளைக்குத் தண்ணி குடு" என்று என்னிடம் சொல்லிவிட்டு அத்தை உள்ளே போனாள்.

அன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவள் என்னைக் கூட்டிக்கொண்டு பள்ளிவாசல் இமாமின் வீட்டுக்குப் போனாள். அவருடைய மனைவியோடு நாங்கள் உட்கார்ந்தோம். அத்தை நடந்ததைச் சொல்லிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அத்தனை வருஷமும் நான் அவருக்கு யாரு?"

இமாம் இளவயதுக்காரர். தாடியைத் தடவிக்கொண்டார். "நீங்க வேற நிக்காஹ் பண்ணிக்கலை. அவரும் உயிரோட இருந்திருக்கார். அவர் கடைசி மூச்சு வரைக்கும் நீங்க அவர் மனைவிதான்மா" என்றார்.

அத்தையின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. என்னால்தான் அதைப் பார்க்க முடியவில்லை.

"அப்ப நான் இத்தா இருக்கணும்."

"அதான் சொல்ல வந்தேன். இத்தா இறந்த நாள்லேருந்து கணக்கு. நாம தெரிஞ்சுக்கிட்ட நாள்லேருந்து இல்ல. அது எப்பவோ முடிஞ்சு போச்சு."

"நான் இருக்கவே இல்லையே?"

"நீங்க அறியாமலே முடிஞ்சிருச்சும்மா. இனி உங்க மேல எந்தக் கடமையும் இல்ல."

திரும்பி வந்ததும் அத்தை வீட்டு வாசலில் நின்று, "அந்தப் பெருநாளுக்கு அடுத்த வாரம் நான் என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அந்த வாரம் அண்ணன் ஸுஹைலின் கல்யாணம். முழங்கை வரைக்கும் மருதாணி வைத்துக்கொண்டு, எல்லோர் உடுப்பையும் சாம்பிராணிப் புகையில் பிடித்துக் கொடுத்தவள் அவள்தான். முழு இரவும் பாடித் தொண்டை கட்டிக்கொண்டது அவளுக்கு. உயிரோடிருந்தவருக்காக அவள் முறைப்படி துக்கம் காத்தாள். அவர் இறந்த வாரத்தில் அவள் கைகள் சிவந்திருந்தன.

"எனக்கு ஞாபகம் இல்ல அத்தை" என்றேன்.

கடமை இல்லை என்று இமாம் சொன்னதை அவள் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. மறுநாள் வளையல்களைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தாள். கறுப்பு உடுத்தி, அதே உள்ளறையில் உட்கார்ந்தாள். "மார்க்கத்துல இல்லாததைச் செய்யக்கூடாது அக்கா" என்று அப்பா கெஞ்சிப் பார்த்தார். "மார்க்கத்துக்காகச் செய்யல" என்றாள். தெருப் பெண்களுக்கு இதை எப்படி எடுத்துக்கொள்வதென்று தெரியவில்லை. முதல் தடவை போலக் கூட்டமாக வரவில்லை. ஒவ்வொருவராக வந்து, என்ன சொல்வதென்று தெரியாமல் காபி குடித்துவிட்டுப் போனார்கள். கஸ்ஸான் வெள்ளிக்கிழமைகளில் வருவான். கதவுக்கு வெளியே உட்கார்ந்து, உஸ்தாத் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது எப்படித் திட்டுவார் என்று சொல்வான். உஸ்தாதை அடக்கிய கபரில் ஒரு செடி நட அவன் தன் அப்பாவிடம் சொல்லியிருந்தான்.

காலம் முடிந்த அன்று அழைத்துப்போகப் பெண்கள் யாரும் வரவில்லை. ஒரே புருஷனுக்காக இரண்டாவது தடவை முழுக்காட்டுவது நல்லதல்ல என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். விடியும் நேரத்தில் நான்தான் அவளோடு போனேன். மாற்றுத் துணியும் செம்பும் எடுத்துக்கொண்டேன். கடல் உள்வாங்கியிருந்தது. எதிர்க்கரையில் பழைய படகுத்துறை காலியாகக் கிடந்தது.

அத்தை செருப்பைக் கழற்றினாள். அலை வந்து அவள் பாதத்தைத் தொட்டது. அவள் ஓர் அடி பின்னால் வைத்தாள். மறுபடி வந்தது, மறுபடியும் பின்வாங்கினாள். நான் செம்போடு காத்திருந்தேன். கிழக்கு வெளுத்து, படகுகள் வெளியே போக ஆரம்பித்துவிட்டன.

"குளிக்கலையா அத்தை?"

"போன தடவை குளிச்சேன். அவர் காதுக்குப் போயிடுச்சு" என்றாள்.

குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். நான் வெறும் செம்பை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன்.